திங்கட்கிழமை டொக்டர் சொன்னது

என் ஆங்கிலத்தில் பிழை பிடித்தவர் எவரும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். அதில் பதினாறு வருடம் கிளிநொச்சியில். பிழை பிடிப்பது என் வேலை, பிடிபடுவது மற்றவர்களுடைய வேலை என்றுதான் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேள்விப்பட்ட சிலர், "நல்லதம்பி மாஸ்டருக்கு அந்த டொக்டரின்ர இங்கிலீசு விளங்கேல்லையாக்கும்" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். விளங்கியது. ஒரு சொல் தவறாமல் விளங்கியது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. மூன்றாவது இடப்பெயர்வில் துணுக்காய்ப் பக்கம் வந்து சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஆசுப்பத்திரி நடந்தது. ஐந்தாம் வகுப்புதான் ஆண்கள் வார்ட். மூன்றாம் வகுப்பு சத்திரசிகிச்சை அறை. அதை எல்லோரும் தியேட்டர் என்றார்கள். ஆங்கிலத்தில் அது சரியான சொல்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் கரும்பலகையில் 'இன்று வந்தோர் 31' என்று யாரோ ஒரு ஆசிரியர் எழுதியது அழியாமல் இருக்க, அதன் கீழே கை கால் வெட்டுகிற இடத்துக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

சொற்களெல்லாம் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தன. ரிலீஃப் என்றால் ஆறுதல், நிம்மதி என்று படிப்பித்தவன் நான். இப்போது அது மாவும் பருப்பும் சீனியும். நாங்கள் இருந்த நிலத்துக்குக் கொழும்புப் பத்திரிகைகள் வைத்திருந்த பெயர் அன்க்ளியர்ட் ஏரியா. துப்புரவாக்கப்படாத பகுதி. சட்டியைத் துப்புரவாக்கலாம், வாய்க்காலைத் துப்புரவாக்கலாம். இங்கே துப்புரவாக்க மிச்சமிருந்தது நாங்கள்தானே என்று கேட்பேன். இதையெல்லாம் இருந்து கதைக்க ஆள் வேண்டும். என்னோடு கதைக்க வந்தவர்களோ, "மாஸ்டர், சங்கக்கடைக்கு நிவாரண லொறி வந்திட்டுதாம்" என்று என்னை அரைவாசியில் விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன பயன், நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அந்த ஆசுப்பத்திரிக்கு ஒரு வெளிநாட்டு வைத்தியக் குழு டொக்டர் லூக் என்பவரை அனுப்பியிருந்தது. பெல்ஜியத்துக்காரர். நெட்டையான மனிதர், நித்திரை காணாத கண். மொழிபெயர்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரருடன் நல்ல ஆங்கிலம் கதைக்கலாம் என்ற ஆசை. மனிதர் வாயைத் திறந்தார். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைவிட நன்றாகக் கதைத்திருப்பார்கள். நேற்று நடந்ததை இன்று நடப்பதாகச் சொன்னார். சொல் வராத இடத்தில் கையைக் காட்டினார்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். வீரையா என்று பெயர், ஆசுப்பத்திரிக் குசினியில் கஞ்சி காய்ச்சுபவர். மலையகத்தில் ஒரு தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரைக்குச் சமைத்துப் போட்டவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். அவருடைய ஆங்கிலத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. டொக்டருக்கும் அவருக்கும் இடையில் நாலைந்து சொல் போய்வரும். உடனே நோயாளியிடம் திரும்பி, "ஐயா, இந்தக் கண்ணு இனி வராதுங்க. மத்தக் கண்ணைக் காப்பாத்தணும்னா இன்னைக்கே இதை எடுத்திடணும்" என்பார். மனைவி மக்கள் சுற்றி நிற்கும்போதே சொல்வார். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் கதவடியில் நின்று பார்த்தேன். எனக்கு உடம்பு கூசியது.

எங்கள் வீடுகளில் வழக்கம் வேறு. நோயாளிக்கு முன்னால் நோயைச் சொல்வதில்லை. பெண்சாதியிடம் நேரே சொல்வதில்லை. மூத்த ஆண் ஒருவரைப் புறம்பாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்துச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களுக்குச் சொல்லுவார். என் தகப்பனுக்குப் புற்றுநோய் என்று என் தாயார் அறிந்தது, அவர் செத்து எட்டுச் செலவும் முடிந்த அடுத்த நாள். அதைப் பண்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பின்னேரத் தேநீரில் டொக்டரும் நானும் வாதாடுவோம். உங்கள் ஆங்கிலம் பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தான் வேலை செய்த இடங்களில் ஏழெட்டு நாட்டுக்காரர் இருந்ததாகவும், எல்லோரும் இந்த ஆங்கிலத்தைத்தான் கதைத்ததாகவும், நோயாளிகள் பிழைத்ததாகவும் சொன்னார். இரண்டு பேருக்கு விளங்கினால் அது சரி என்பது அவர் கட்சி. "அப்படியென்றால் மாட்டுக்கும் மேய்ப்பவனுக்கும் விளங்குவதும் ஆங்கிலம்தான்" என்றேன் நான், மிகச் சரியான ஆங்கிலத்தில். நூறு வருடத்துக்கு முன் சரியாயிருந்த சொல் இன்று பிழை, இன்றைய பிழை நாளைக்குச் சரி, அகராதி எழுதுகிறவர்கள் சனங்களுக்குப் பின்னால் ஓடித்தான் வருகிறார்கள் என்று அவர் சொன்னார். ஒரு சொல்லை ஆளாளுக்கு நினைத்தபடி இழுத்தால் கடைசியில் தான் சொன்னதற்கு ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடும் என்று நான் சொன்னேன். வீரையா கோப்பைகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லாத்தான் சண்டை போடுறீங்க. டீ ஆறிப்போச்சுங்க" என்று சிரித்தார். டொக்டரும் சேர்ந்து சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மறைப்பானேன், பொறாமைதான். வீடு போய்விட்டது, பாடசாலை போய்விட்டது, புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. ஆங்கிலம் ஒன்றுதான் என்னோடு சைக்கிளில் ஏறி வந்த சொத்து. அதற்கும் ஒரு கஞ்சி காய்ச்சுகிறவர் பங்குக்கு வருகிறாரே என்று வயிறு எரிந்தது. அவர் மலையகத்துக்காரர் என்பதும் மனதின் மூலையில் இருந்தது. இன்று அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஒரு கொப்பி எடுத்து அவருடைய பிழைகளை எழுதத் தொடங்கினேன். இரண்டு கிழமையில் நாற்பத்துமூன்று சேர்ந்தது. உயிரோடு சம்பந்தப்பட்ட இடத்தில் அரைகுறை மொழியறிவு ஆபத்தானது என்று இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி, ஆசுப்பத்திரிக்குப் பொறுப்பான வைத்தியரிடம் கொடுத்தேன். அந்த மனிதர் மலேரியாக் காய்ச்சலோடு ஒரு நாளைக்கு இருநூறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு, "சரி மாஸ்டர், இனி நீங்களே செய்யுங்கோ" என்றார். டொக்டர் சொல்வதை இனி நோயாளிகளிடம் சொல்லக்கூடாது, சொன்னால் வேலையும் இல்லை என்று வீரையாவுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் என்னிடம் வந்து, "உங்களுக்குப் படிப்பு இருக்கு மாஸ்டர். நீங்க சொன்னா இன்னும் நல்லா இருக்கும்ங்க" என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நக்கலாகச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை மரியநேசனைக் கொண்டுவந்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்பவர், நாற்பது வயதுக்குள். களப்பில் வலை இழுக்கும்போது திருக்கை முள் வலது பாதத்தில் ஏறியிருந்தது. கரையில் எல்லோருக்கும் ஒருதரம் திருக்கை குத்தியிருக்கும். காலை வெந்நீரில் வைத்து, காயத்துக்குப் புகை காட்டி, ஒரு கிழமையில் எழும்பிவிடுவார்கள். இவருக்குச் சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, இருந்தது; காயம் ஆறவில்லை. பன்னிரண்டாம் நாள் மனைவி இராசாத்தி அவரை உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்துக் கூட்டிவந்திருந்தாள். கால் கணுக்காலுக்கு மேலே கறுத்திருந்தது. மணம் வாசலில் நின்ற எனக்கே அடித்தது. மனிதருக்கு நினைவு வந்துவந்து போனது. காய்ச்சலில் யாரோ ஒருவருக்கு வலையை விடச்சொல்லிக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்.

டொக்டர் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். மெதுவாக, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். இன்றைக்கு, அல்லது நாளைக் காலை, முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டும். வெட்டினால் ஆள் இருப்பார். வெட்டாவிட்டால் சாவார். மனைவி கையெழுத்து வைக்க வேண்டும். இப்போதே கேளுங்கள்.

நான் இராசாத்தியைப் பார்த்தேன். கையில் செபமாலை. சேலைத் தலைப்பெல்லாம் செம்மண். இரண்டு நாள் பயணத்தில் உதடு வெடித்திருந்தது. இந்தப் பெண்ணிடம், தனியாக நிற்கிற பெண்ணிடம், கால் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் உன் புருஷன் செத்துப்போவான் என்று எப்படிச் சொல்வது?

"தங்கச்சி, காலில கிருமி ஏறியிருக்கெண்டு டொக்டர் சொல்லுறார். சிலவேளை ஒரு ஒப்பரேஷன் செய்ய வேண்டி வருமாம்" என்றேன். "உங்கட ஆம்பிளையள் ஆரும் வருவினமோ?"

"அவற்ற தமையன் இருக்கிறார். சொல்லியனுப்பினால் வருவார்."

"அவர் வரட்டும். வந்தாப்போல எல்லாரும் இருந்து கதைச்சு ஒரு முடிவெடுப்பம்."

"அதுவரைக்கும் பொறுக்கலாமோ மாஸ்டர்?"

"ஓம், ஓம். இஞ்ச மருந்து ஏத்துவினம்தானே."

பிறகு டொக்டரிடம் திரும்பி, மூத்த சகோதரரின் வருகை வரையில் இவ்விடயத்தைப் பரிசீலிக்கக் குடும்பத்தினர் விரும்புகின்றனர் என்றேன். அழகான ஆங்கில வாக்கியம். டொக்டர் என் முகத்தையே பார்த்தார். அவளுக்குத் தெரியுமா, அவர் சாவார் என்று தெரியுமா என்று கேட்டார். அறிவிக்கப்பட்டுவிட்டது என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். வேறு நாடுகளிலும் வெட்ட விடாத குடும்பங்களை அவர் கண்டிருந்தார். அவர்கள் முடிவு அவர்களுடையது என்று விட்டுவிடுகிற மனிதர்.

செவ்வாய்க்கிழமை காலை ஷெல் பட்ட ஆட்கள் பதினொரு பேரைக் கொண்டுவந்தார்கள். டொக்டர் முழுநாளும் மூன்றாம் வகுப்புக்குள்ளேயே நின்றார். இடையில் ஒருதரம் வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது, இன்னும் காத்திருக்கிறார்களா என்று கேட்டார். ஆம், ஆலோசிக்கிறார்கள் என்றேன். நல்லதில்லை, மிகவும் நல்லதில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானம் வீரையா கஞ்சி வாளியோடு வார்டுக்குள் வந்தார். மரியநேசனின் கட்டிலடியில் கொஞ்சநேரம் நின்றார். கருமை முழங்காலைத் தொட்டிருந்தது. என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், இது நிக்காதுங்க. மேல ஏறுது. அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுற நேரத்தில சொல்லுவம். நீர் உம்மட வேலையைப் பாரும்."

"சரிங்க" என்றார். அவருக்கு ஐந்து பேர் சாப்பிடுகிற குடும்பம், அந்தக் குசினியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

பொழுதுபடும்போது இராசாத்தி என்னைத் தேடி வந்தாள். "மாஸ்டர், பயப்பிடுற மாதிரி டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையே?" என்று கேட்டாள். அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அவளாக வந்து, வாய் திறந்து கேட்கிறாள். நான் அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு, "ஒண்டுமில்லை தங்கச்சி. மாதாவை மன்றாடுங்கோ. தமையன் வரட்டும்" என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

தமையன் சவிரிமுத்து புதன்கிழமை மத்தியானம் வந்தார். செவ்வாய் பின்னேரம் சேதி கிடைத்து, விடியவிடியச் சைக்கிள் மிதித்து, தொடை உரிந்து, கால்களை அகற்றி வைத்து நடந்து வந்தார். நான் அவரைப் பாலைமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தோளில் கை வைத்து, எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"எப்ப சொன்னவர் டொக்டர்?"

"திங்கள்."

"இண்டைக்குப் புதன்! என்னைக் கேக்கவோ மினக்கெட்டனியள்? நான் வேற வீடு, மாஸ்டர். அவள்தானே அவன்ர பெண்சாதி. வள்ளம் வாங்கினதே அவள் பாத்துத்தான். என்னிட்ட என்னத்துக்குக் கேட்டனியள்?"

கரையில் பெண்கள் மீன் கூறி விற்று, மீன் வாங்குகிற சம்மாட்டி முதலாளியோடு சண்டை பிடித்து, வீட்டைத் தங்கள் கையில் வைத்து நடத்துகிறவர்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் என் வீட்டு வழக்கம்தான் எல்லா வீட்டு வழக்கமும் என்று இருந்துவிட்டேன். படித்தவனுக்கு வருகிற மொக்குத்தனம் அது. படிக்காதவர்கள் கேட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஓடிப்போய்க் கையெழுத்து வைத்தார்கள். டொக்டர் அன்று பின்னேரமே வெட்டினார்; முழங்காலுக்குக் கீழே இல்லை, தொடையில். விசம் அதற்கும் மேலே போயிருந்தது. வியாழக்கிழமை காலை பத்துமணிக்கு மரியநேசன் இறந்துபோனார்.

டொக்டர் என்னைக் கூப்பிட்டார். இராசாத்தி வார்டுக்கு வெளியே, பிள்ளைகள் இருந்து படித்த வாங்கில் இருந்தாள். அழுது முடிந்திருந்தது. சவிரிமுத்து சவப்பெட்டி பார்க்கப் போயிருந்தார். டொக்டர் அவளுக்கு முன்னால் குந்தி இருந்து, தொப்பியைக் கழற்றினார். அவர் முகம் என் முகத்தைவிடக் கிழடாக இருந்தது. கோபம் இல்லை, விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்புத்தான். அவளைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: கேளுங்கள். திங்கட்கிழமையே நான் சொன்னேன், கால் வெட்டினால் இருப்பார், வெட்டாவிட்டால் சாவார் என்று. ஏன் காத்திருந்தாள்?

இராசாத்தி தலை நிமிர்ந்து, மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தாள்.

வீரையா தண்ணீர் வாளியோடு தூணடியில் நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் விளங்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அங்கே நிற்காவிட்டால் நான் வேறு ஏதாவது சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. பலமுறை யோசித்துவிட்டேன், தெரியவில்லை.

"திங்கக்கிழமையே டொக்டர் சொன்னவராம்" என்றேன். "கால் வெட்டினால் ஆள் இருப்பார், வெட்டாட்டி இருக்கமாட்டார் எண்டு. பிறகு ஏன் பொறுத்து நிண்டனியள் எண்டு கேக்கிறார்."

அவள் செபமாலையை விரலில் சுற்றி, திருப்பிக் கழற்றினாள்.

"திங்கக்கிழமையோ?"

"ஓம்."

"கால் போனா என்ன, மாஸ்டர்? அவர் கரையில இருந்து வலை பொத்தியிருப்பார். நான் மீன் விப்பன். எங்கட பக்கத்தில கால் இல்லாத ஆம்பிளையள் எத்தினை பேர் இருக்கினம். எனக்கு ஆள் இருந்தாப் போதுமே. ஒருதரம் கேட்டிருந்தா அந்த இடத்திலயே கையெழுத்து வைச்சிருப்பனே."

என்ன சொல்கிறாள் என்று டொக்டர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். முப்பத்தெட்டு வருடமாகப் படிப்பித்த மொழியில் ஒரு சொல் வரவில்லை. டொக்டர் திரும்பக் கேட்டார். அப்போது தூணடியில் இருந்து வீரையா, நிமிராமலே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஷீ சே, லெக் கோ, நோ ப்ராப்ளம், சேர். ஹஸ்பண்ட் சிட், நெட் மெண்ட். ஷீ ஃபிஷ் செல். மண்டே நோபடி டெல் ஹெர், சேர்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை. பிறகு இராசாத்தியிடம் திரும்பி, உடைந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினார். பழக்கதோசம், நான் முன்னால் சாய்ந்தேன்.

இராசாத்தி கையைக் காட்டி மறித்தாள்.

"நீங்கள் விடுங்கோ மாஸ்டர். அவர் சொல்லட்டும்."

வீரையா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் எழும்பி இடம் விட்டேன்.